எல்லை தாண்டும் சொல்

சென்ற வாரம் வந்த கடிதங்களுள் ஒன்று என்னை இரண்டு நாள் வேறு வேலை பார்க்க விடவில்லை. எழுதியவர் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயர். ஊரையும் பேரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வினவுவது இதுதான்: ‘எக்ஸீட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்குத் தமிழில் திட்டமான பொருள் யாது? அகராதியைத் திறந்தால் மிகு, மிஞ்சு, விஞ்சு, மீறு, கட, தாண்டு, மேற்படு என்று ஒரு பட்டாளமே வரிசையாக நிற்கிறது. எதை எங்கே நிறுத்துவது? மேலும், அச்சொல்லுக்குப் பின்னால் ‘தேன்’ என்ற சொல் வரலாமா, கூடாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே வார்த்தையில் தீரக்கூடியது அது ஒன்றுதான். வரக்கூடாது. ‘எக்ஸீட்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். மொத்தம் ஆறு எழுத்துக்கள். அவற்றுள் மூன்று ‘ஈ’. தேன் இல்லாமலே மூன்று ஈ மொய்க்கும் இடத்தில் தேனையும் கொண்டுபோய் ஊற்றுவானேன்? நம்மவர்களில் சிலர் அவ்வளவோடு நில்லாமல் ‘மோர்’ என்பதையும் சேர்த்துக்கொண்டு, மோரும் தேனுமாகக் கலந்து பரிமாறுவதைக் கண்டிருக்கிறேன். வைத்தியர்கள் இந்தக் கலவையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆங்கில இலக்கணமும் ஒப்புக்கொள்வதில்லை.

ஆயினும் இப்பிழை அறியாமையால் மட்டும் வருவதன்று. நாம் தமிழில் நினைப்பதால் வருவது. “பதினேழு, ஒன்பதைவிட அதிகம்” என்பது நமது வழக்கு. அந்த ‘விட’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘தேன்’ என்று பாலபாடத்திலேயே படித்துவிட்டோம். ஆகவே எங்கே அதிகம் என்ற எண்ணம் வந்தாலும் கை தானாகத் தேன் ஜாடியை நாடுகிறது. ‘எக்ஸீட்’ என்ற வினையோ அந்த ‘விட’வைத் தன் வயிற்றுக்குள்ளேயே விழுங்கி வைத்திருக்கிறது. பதினேழு ஒன்பதை மிஞ்சுகிறது என்பதே ஆங்கிலக்காரனுடைய வாக்கியம். நம் இலக்கணப்படி சொன்னால், இரண்டாம் வேற்றுமை நேரே வந்து நிற்கிறது. இடையில் தரகருக்கு வேலையில்லை. எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்ல வேண்டுமானால் ‘பை’ என்ற இடைச்சொல்லைச் சேர்த்து, எட்டால் மிஞ்சுகிறது என்பார்கள். எந்த வகையில் என்று சொல்ல வேண்டுமானால் ‘இன்’ போடுவார்கள். ‘ஓவர்’ வேண்டவே வேண்டாம். இவ்வளவுதான் பிரயோக விதி. உபாத்தியாயர் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அன்றைய பாடத்தை முடித்துக்கொள்ளலாம்.

பொருளைப் பற்றிய கேள்வி அவ்வளவு சுலபமாக முடிகிறதில்லை. அதற்குச் சொல்லின் குலத்தை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

லத்தீன் பாஷையில் ‘கேடெரெ’ என்று ஒரு வினை உண்டு. போதல், விலகுதல், இடங்கொடுத்தல் என்பன அதன் பொருள்கள். அதன் முன்னே ‘வெளியே’ எனப் பொருள்படும் ‘எக்ஸ்’ ஒட்டிக்கொண்டால், வெளியே போதல் என்றாகும். ஆதியில் இச்சொல்லுக்கு அவ்வளவே பொருள். ஒரு வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ ஒருவன் வெளியேறினால் ரோமானியர் அதைச் சொன்னார்கள். ஒருவன் உயிர் வாழ்க்கையிலிருந்தே வெளியேறினாலும் அதையே சொன்னார்கள். பிரெஞ்சு பாஷை வழியாகப் பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்த இச்சொல், மெள்ள மெள்ள ஊர் எல்லையை விட்டு அளவின் எல்லைக்கு மாறிக்கொண்டது. ஆயினும் பிறவிக்குணம் போகவில்லை. இன்றைக்கும் இச்சொல்லைக் கேட்கும்போது, தரையில் ஒரு கோடு போட்டிருப்பதையும் ஒருவன் அதைத் தாண்டி வெளியே காலெடுத்து வைப்பதையும் மனக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடு இல்லாத இடத்தில் ‘எக்ஸீட்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

இக்குடும்பம் பெரியது. முன்னோக்கிப் போனால் ‘ப்ரொஸீட்’, ஒருவர் பின்னே அடுத்துப் போனால் ‘ஸக்ஸீட்’, முன்னதாகப் போனால் ‘ப்ரிஸீட்’, பின்வாங்கினால் ‘ரிஸீட்’, பிரிந்து போனால் ‘ஸிஸீட்’, விட்டுக்கொடுத்தால் ‘கன்ஸீட்’. ‘ஆன்ஸெஸ்டர்’ என்னும் சொல்லும் இந்த வீட்டுப் பிள்ளைதான். முன்னே போனவர் என்பது அதன் பொருள். நாமும் ‘முன்னோர்’ என்கிறோம். ‘நெஸஸரி’ என்பதும் இங்கே பிறந்து அடையாளம் தெரியாமல் வளர்ந்த ஒன்று. விலக இடமில்லாதது எதுவோ அதுவே அவசியமானது என்று ரோமானியர் கருதியிருக்கிறார்கள். இந்தச் சொல்லைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

எழுத்துக்கூட்டல் விஷயத்தில் மாணவர்கள் படும் பாட்டையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்தக் கூட்டத்தில் ‘எக்ஸீட்’, ‘ப்ரொஸீட்’, ‘ஸக்ஸீட்’ ஆகிய மூன்றே மூன்றுக்குத்தான் இரட்டை ஈ சேர்ந்தாற்போல் வரும். மற்றவை எல்லாம் ஒரு ஈ முன்னும் ஒரு ஈ கடைசியிலுமாக, நடுவில் ‘டி’ என்ற எழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ‘ஸூப்பர்ஸீட்’ என்பது மட்டும் ‘ஸி’ எழுத்தைத் தள்ளிவிட்டு ‘எஸ்’ எழுத்தை வைத்துக்கொள்ளும். ஏனெனில் அது இந்தக் குடும்பமே அன்று. உட்காருதல் எனப் பொருள்படும் வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஓசையொற்றுமையைக் கொண்டு பந்தியில் வந்து அமர்ந்துவிட்டது.

ஓசையொற்றுமை செய்யும் விபரீதத்துக்கு ஓர் உதாரணம். ஒருவருடைய வேண்டுகோளுக்கு இணங்குவதை ‘அக்ஸீட்’ என்பார்கள். 1947-ஆம் வருஷத்தில் சுதேச சமஸ்தானங்கள் இந்திய யூனியனில் சேர்ந்தபோது மன்னர்கள் கையெழுத்திட்ட பத்திரத்துக்கு இச்சொல்லிலிருந்து பிறந்த பெயரே வழங்கிற்று. பல வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தார் தங்கள் ஊருக்குப் பாலம் கேட்டு ஆங்கிலத்தில் அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்த்தேன். அதில் ‘அக்ஸீட்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘எக்ஸீட்’ என்று எழுதி, எங்கள் கோரிக்கையை மீறும்படி மிகவும் வணக்கமாகப் பிரார்த்திக்கிறோம் என்று பொருள்படச் செய்திருந்தார்கள். அதிகாரிகள் அந்தப் பிரார்த்தனையை அக்ஷரம் பிசகாமல் நிறைவேற்றினார்கள். பாலம் வெகுநாள் வரையில் வரவேயில்லை.

நிற்க. தமிழுக்கு வருவோம். நம் பாஷையில் அளவைக் கடப்பதைச் சொல்லும் சொற்கள் பல இருப்பது வீண் ஆடம்பரத்துக்காக அன்று. ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பைத் தன்னோடு கொண்டுவருகிறது. “மாணவன் ஆசிரியரை விஞ்சினான்” என்றால் ஆசிரியருக்கே சந்தோஷம். “மாணவன் ஆசிரியரை மீறினான்” என்றால் பிரம்பு எடுக்க வேண்டியதுதான். “மிஞ்சினான்” என்றால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “சோறு மிஞ்சிவிட்டது” என்னும்போதோ எல்லை மீறல் ஒன்றுமில்லை, மீந்துபோயிற்று என்று மட்டும் பொருள். ‘மிகு’ என்பது சாது. இலக்கணத்தில்கூட அது புகுந்து, வல்லெழுத்து மிகும் இடம், மிகா இடம் என்று நம்மைச் சிறுவயதில் வாட்டியிருக்கிறது. அதுவே ‘மிகை’ என்று பெயர்ச்சொல்லானால் சாதுத்தனம் போய்விடுகிறது. நன்னூலார் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று கணக்கெடுத்தபோது, குன்றக் கூறலுக்கு அடுத்தபடியாக மிகைபடக் கூறலைத்தான் வைத்தார். ‘கட’ என்பது கம்பீரமானது. கடவுள் என்ற சொல்லை எல்லாவற்றையும் கடந்து நிற்பவர் என்று விளக்குவோர் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு நேரானது ‘ட்ரான்ஸெண்ட்’. அதன் வேரிலே மேலே ஏறுதல் என்னும் பொருள் இருக்கிறது.

‘வரம்பு மீறுதல்’ என்று நாம் சொல்கிறோமே, அது வயலிலிருந்து வந்த பேச்சு. வரம்பு என்பது வயலின் வரப்பு. தண்ணீர் அதைத் தாண்டினால் பக்கத்து வயல்காரனுடைய நாற்று போய்விடும், சண்டை வரும், பஞ்சாயத்துக் கூட வேண்டியிருக்கும். லத்தீன்காரன் எல்லையைத் தாண்டி ஒரு மனிதன் நடந்து போவதைப் பார்த்தான். தமிழன் வரப்பை உடைத்துக்கொண்டு தண்ணீர் ஓடுவதைப் பார்த்தான். ‘அத்துமீறல்’ என்பதில் உள்ள ‘அத்து’ உருது வழியாக வந்த சொல். அதற்கும் எல்லை என்றே பொருள். மீறுகிற வேலை மட்டும் நம்முடையது.

ஆங்கில ‘எக்ஸீட்’டுக்கு இந்த வர்ணபேதங்கள் கிடையா. எதிர்பார்த்ததற்கு மேல் ஒருவன் நன்றாகச் செய்தாலும் ‘எக்ஸீட்’. அதிகாரத்துக்கு மேல் ஒருவன் அக்கிரமம் செய்தாலும் ‘எக்ஸீட்’. புகழா இகழா என்பதை அடுத்து வரும் பெயர்ச்சொல்தான் சொல்ல வேண்டும். ஒருவருடைய மேன்மையைச் சொல்வதற்கு ஆங்கிலக்காரர்கள் ‘எக்ஸெல்’ என்று வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள். அது உயர்ந்து நிற்றல் எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்தது. ‘கேடெரெ’ குடும்பத்தோடு உறவு இல்லை. கவர்னர்களுக்கு வழங்கிய ‘எக்ஸலென்ஸி’ என்ற பட்டம் அங்கிருந்து பிறந்ததே. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் செய்த காரியங்களைப் பார்த்தால், உயர்தல், மீறல் என்னும் இரண்டு வேர்களில் எதிலிருந்து பட்டம் வந்தது என்று சந்தேகம் தோன்றுவது இயல்பு. ராஷ்டிரபதி மாளிகையில் உள்நாட்டு வைபவங்களில் அந்தப் பட்டத்தை வழங்குவதில்லை என்று 2012-ஆம் வருஷத்தில் முடிவு செய்தார்கள். நல்ல காரியம்.

நடுநிலையான சொல் என்பது நல்லதுதானே என்று கேட்கலாம். தராசுக்கடையில் நல்லது. தபாலாபீஸில் நல்லது. ஆனால் மனித உயிர்களைப் பற்றிய விஷயத்தில் அதே நடுநிலை ஒரு திரைச்சீலையாகிவிடுகிறது. இதற்கு நம் சரித்திரத்திலேயே மறக்க முடியாத உதாரணம் இருக்கிறது.

1919-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆந் தேதி அமிருதசரஸில் ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்த ஜனங்களின்மீது ஜெனரல் டயர் சுமார் பத்து நிமிஷ நேரம் சுடச் செய்தார். எச்சரிக்கை கொடுக்கவில்லை. செலவான குண்டுகள் 1,650. இறந்தவர்கள் 379 பேர் என்பது ஸர்க்கார் கணக்கு. காங்கிரஸ் நடத்திய விசாரணை அதைக் காட்டிலும் மிகப் பெரிய தொகையைச் சொல்லிற்று. ஹண்டர் கமிட்டி விசாரித்தது. தெரு அகலமாயிருந்து கவச மோட்டார்கள் உள்ளே போயிருக்குமானால் யந்திரத் துப்பாக்கிகளையும் உபயோகித்திருப்பேன் என்ற கருத்தை டயர் அந்தக் கமிட்டியின் முன்பு மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பிறகு 1920-இல் இந்திய ஸர்க்கார் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் முடிவைத் தெரிவித்தார்கள். அவர்கள் கண்டது யாதெனில், டயர் அந்தச் சந்தர்ப்பத்தின் அவசியத்தைக் கடந்து நடந்துகொண்டார் என்பதே.

அவசியத்தைக் கடந்து! அங்கே அவர்கள் எழுதிய சொல் ‘பியாண்ட்’ என்பது. ‘எக்ஸீட்’ என்ற வினையின் வேலையையே அது செய்கிறது. அவசியத்துக்கு அவர்கள் போட்டதோ ‘நெஸஸிட்டி’. விலக இடமில்லாதது என்னும் பொருளுடைய அந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? இப்போது வாக்கியத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரு கோட்டைத் தாண்டினார் என்றால், கோடு வரையில் வந்தது சரி என்று ஆகிறது. அவசியத்தைக் கடந்தார் என்றால், ஓரளவு சுடுவது அவசியமாயிருந்தது என்று ஆகிறது. 1,650 குண்டுகளில் எத்தனையாவது குண்டோடு அவசியம் முடிந்தது? எந்தக் குண்டிலிருந்து மீறல் ஆரம்பமாயிற்று? அந்தத் திடலில் மதிலேறிக் குதிக்க முயன்றவனுக்கு வந்த குண்டு கோட்டுக்கு இப்புறமா, அப்புறமா? கண்டனம் போலத் தோன்றுகிற வாக்கியம் கண்டிக்கிறபோதே பாதியை விட்டுக்கொடுத்துவிடுகிறது. ‘எக்ஸீட்’ செய்தார் என்று ஒரு வாயால் சொல்லி, மறுவாயால் ‘கன்ஸீட்’ செய்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பந்தானே!

அந்தப் பாதிக் கண்டனத்தையும் பொறுக்க முடியாதவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். அதே வருஷம் ஜூலை மாதத்தில் பிரபுக்கள் சபையில் டயருக்கு அநீதி இழைக்கப்பட்டதென்ற கருத்துள்ள தீர்மானம் 129-க்கு 86 வோட்டுக்களால் நிறைவேறிற்று.

அன்னிய ஸர்க்காரோடு இந்தச் சொல் வழக்கமும் கப்பலேறிப் போய்விட்டதென்று சொல்வதற்கில்லை. நெருக்கடி நிலைக் காலத்துச் செய்கைகளை ஆராய 1977-இல் நியமிக்கப்பட்ட ஷா கமிஷனுக்கு விதித்த வேலை, ‘எக்ஸெஸ்’ என்னப்பட்ட அத்துமீறல்களை விசாரிப்பது. ‘எக்ஸெஸ்’ என்பது ‘எக்ஸீட்’டின் பெயர்ச்சொல். ஒருவனை விசாரணையின்றிச் சிறையில் வைத்தால் அதில் எவ்வளவு அளவானது, எவ்வளவு அளவுக்கு மிஞ்சியது? கமிஷன் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல உண்மைகளை வெளிக்கொணர்ந்தது அது. அந்தச் சொல்லைத்தான் குறை சொல்கிறேன். இவ்விஷயத்தில் நமது ‘அத்துமீறல்’ எவ்வளவோ மேல். மீறல் என்ற தீர்ப்பையாவது அது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது.

கோட்டை யார் போட்டது, எப்போது போட்டது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவில் வால்டர் அர்னால்ட் என்பவர் 1896-ஆம் வருஷம் ஜனவரி மாதம் தம் மோட்டார் வண்டியை மணிக்கு 8 மைல் வேகத்தில் ஓட்டினார். ஊருக்குள் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 2 மைல். மனிதன் நடப்பதே அதைக் காட்டிலும் வேகம்! ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் போய் அவரைப் பிடித்தார். வேகத்துக்காக விதித்த அபராதம் ஒரு ஷில்லிங். அந்த வருஷம் முடிவதற்குள் சட்டத்தை மாற்றி, 14 மைல் வரையில் போகலாம் என்றார்கள். ஜனவரியில் குற்றவாளியான அதே வேகம் நவம்பரில் நல்ல பிள்ளையாகிவிட்டது. வண்டி மாறவில்லை, மனிதர் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது.

இன்னும் ஒரு நுட்பம் பாக்கியிருக்கிறது. உபாத்தியாயர் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கோட்டைத் தாண்டுவதுதான் ‘எக்ஸீட்’ என்றால், கோட்டின்மேலேயே நிற்கிறவன் கதி என்ன?

அவன் தாண்டவில்லை. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஐந்நூற்றை ‘எக்ஸீட்’ செய்வது என்றால் ஐந்நூற்றுக்கு மேலே ஒரு காசாவது இருக்க வேண்டும். சரியாக ஐந்நூறு என்றால் அது ‘எக்ஸீட்’ ஆகாது. ஆகையால் ‘நாட் எக்ஸீடிங்’ ஐந்நூறு என்று ஒரு விதியிலே கண்டால், ஐந்நூறும் உள்ளே சேர்ந்தது என்று கொள்ள வேண்டும். ‘ஐந்நூற்றுக்குக் குறைந்த’ என்பது வேறு. அதில் ஐந்நூறு சேராது. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் ஏற்பட்டபோது அரை அவுன்சு வரையில் ஒரு பென்னி என்று வைத்தார்கள். 1854-இல் இந்தியாவிலும் கால் தோலா வரையில் அரையணா என்று வைத்தார்கள். தராசு முள் சரியாகக் கால் தோலாவில் நின்றால் அரையணாத்தான். தபால் குமாஸ்தா கூட ஓர் அரையணா கேட்கக்கூடாது. நமது தமிழ்ச் சட்டப் புத்தகங்களில் இதற்கு ‘மிகாமல்’, ‘மிகாத’, ‘மேற்படாத’ என்ற அழகான சொற்கள் வழங்குகின்றன. இவற்றைப் படிப்பவர்கள்கூட ‘மிகாத’ என்றால் அந்தத் தொகையைத் தொடாத என்று எண்ணிவிடுகிறார்கள். தொடலாம், தாண்டத்தான் கூடாது.

இது அற்ப விஷயமென்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம் உண்டு.

1962-ஆம் வருஷம் என் தமக்கை எஸ்.எஸ்.எல்.ஸி. பரீக்ஷையில் நல்ல மார்க்குகளோடு தேறினாள். எங்கள் தகப்பனார் ஒரு நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. சம்பளம் மாதம் நூறு ரூபாய். நகரத்தில் பெண்கள் கலாசாலையில் சேர்ந்து படிக்க வேண்டுமென்று அக்காவுக்கு ஆசை. ஏழைப் பெண்களின் விடுதிச் செலவைத் தருவதற்கு ஒரு தர்ம நிதி இருப்பதாக யாரோ சொன்னார்கள். விண்ணப்பத் தாள் முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவே தன் முத்துப்போன்ற எழுத்தில் பூர்த்தி செய்தாள். பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு 1,200 ரூபாய்க்கு ‘நாட் எக்ஸீடிங்’ என்று ஒரு நிபந்தனை. அப்பா தம் முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, வருமானம் 1,200 என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார். ஒரு ரூபாய் குறைத்து எழுதிவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

நானும் கூடப் போயிருந்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. ஜன்னலுக்கு அப்புறம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா தாளைப் புரட்டிப் பார்த்தார். பென்சிலால் அந்தத் தொகையின் கீழே ஒரு கோடு இழுத்தார். “ஆயிரத்திருநூறு வந்துவிட்டதே, ஐயா! அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் இது” என்று சொல்லித் தாளைத் திருப்பி நீட்டினார். கோபமாகச் சொல்லவில்லை, கெட்ட மனிதராகவும் தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது. அப்பா, “அப்படிங்களா” என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் வரும் வரையில் ஒன்றும் பேசவில்லை. எனக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அக்கா அதற்குப் பிறகு தையல் படித்தாள். இரண்டு வருஷத்தில் கல்யாணம் ஆயிற்று. அவள் வாழ்க்கை கெட்டுப்போயிற்று என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவளும் அப்படிச் சொன்னதில்லை. பல வருஷம் கழித்து நான் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் இந்த ‘நாட் எக்ஸீடிங்’ விஷயத்தை விளக்கினார். ஐந்து நிமிஷத்தில் விளக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். நான் அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று அன்று ஊருக்குக் கிளம்பியவன், ஊர் போய்ச் சேர்ந்ததும் சொல்லாமலே இருந்துவிட்டேன். அவர் காலமாகும் வரையில் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

உபாத்தியாயரின் கடிதம் வந்த மறுநாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறாள், காது மட்டும் சற்று மந்தம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததால் பேச்சு அதில் வந்து நின்றது. பல வருஷமாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவே பெரிய சங்கடமாக இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். பன்னிரண்டு மாதத்தையும் எண்ணியிருப்பாள் போலும்.

“அப்படியென்றால் அப்பா உள்ளேதான் நின்றிருக்கிறார்” என்றாள்.

“ஆமாம், அக்கா.”

“வெளியே நிற்கிறதாக நினைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்து வந்தாள். பேத்தி இவ்வருஷம் கலாசாலையில் சேர்ந்திருக்கிறாள். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் போட வேண்டுமாம்.

“இதிலே என்ன போட்டிருக்கிறான், நீ ஒரு தரம் படி, தம்பி” என்றாள்.

படித்தேன். அதிலும் ‘நாட் எக்ஸீடிங்’ என்றே அச்சிட்டிருந்தது. அக்கா உள்ளே திரும்பி, பேத்தியின் தகப்பனாருடைய சம்பளச் சீட்டுக்கள் பன்னிரண்டையும் கொண்டுவரும்படி குரல் கொடுத்தாள்.